எந்தத் துப்பாக்கியை வாங்குவது? மலையகத்து இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

நானுஓயாவிலும் ரதல்லையிலும் தலவாக்கலையிலும் ஹட்டனிலும், அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் இளைஞர்களே, யுவதிகளே,

அண்மைக் காலமாக உங்களுள் பலர் தனித்தனியாக என்னிடம் வந்து, ஓய்வு நாளில் குறிபார்த்துச் சுட்டுப் பழகுவதற்குச் சிறு ரகத் துப்பாக்கி ஒன்றை வாங்க விரும்புவதாகவும், எதை வாங்குவது நல்லது என்று சொல்லவேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் வாசற்படியில் நின்று அரைகுறையாக ஒரு விடையைச் சொல்லி அனுப்புவதைக் காட்டிலும், உங்கள் எல்லாருக்கும் பொதுவாக, ஒளிவுமறைவின்றி, என் மனத்தில் உள்ளதை எழுதிவிடுவதே முறை என்று தோன்றியது. நான் சொல்லப்போவதில் சில உங்களுக்குக் கசக்கக்கூடும். ஆயினும் கேட்டவர்கள் நீங்களே ஆகையால், முடிவுவரை பொறுமையுடன் வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு தூரம் பாயும் என்று கேட்டீர்கள். எவ்வளவு வேகம் என்று கேட்டீர்கள். தொலைநோக்கி பூட்டலாமா என்றும், ஒரு காட்டுப்பன்றியைச் சாய்க்குமா என்றும், எங்கோ ஒரு தேசத்தில் எவனோ சுட்டுக் காட்டிய படத்தைக் கைத்தொலைபேசியில் காண்பித்து, இதைப் போன்றது கிடைக்குமா என்றும் கேட்டீர்கள். எங்கே நின்று சுடுவது, எதைக் குறியாக வைப்பது, அந்தக் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, சுட்டு முடித்த பிறகு அந்தக் கருவி யாருடைய பொறுப்பில் இருக்கும் என்ற நான்கு கேள்விகளை உங்களுள் ஒருவரேனும் கேட்கவில்லை. துப்பாக்கியைத் தெரிந்தெடுப்பதென்பது இந்த நான்குக்கும் விடை கண்ட பின்னர் பெரும்பாலும் தானாகவே முடிந்துபோகிற காரியம் என்பதும், அவற்றுக்கு விடை காணாமல் கடைக்குப் போகிறவன் எத்தனை பணம் கொடுத்தாலும் தனக்கு ஒவ்வாத பொருளையே வாங்கிவருவான் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த மலைகளில் துப்பாக்கி விளையாட்டுக்குப் பழைய சரித்திரம் ஒன்று உண்டு. அதில் நமக்கு வாய்த்த இடம் எது என்பதை அறியாமல் நீங்கள் அதற்கு வாரிசுகளாகிவிடக் கூடாது. 1848 இல் நுவரெலியாவில் குடியேற்றம் ஒன்றை நிறுவிய சாமுவேல் பேக்கர், தம் துப்பாக்கியையும் வேட்டை நாய்களையும் பற்றியே இலங்கை குறித்து ஒரு நூல் எழுதும் அளவுக்கு இந்தக் காடுகளில் மரையையும் யானையையும் துரத்தியவர். அவருக்கும் முந்திய மேஜர் ரொஜர்ஸ், ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று சொல்லப்படுபவர். 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டு, நுவரெலியாவிலே புதைக்கப்பட்டார். இன்று ஹோட்டன் சமவெளியில் ஒரு யானையைக்கூட நீங்கள் காணமாட்டீர்கள் என்றால், அதற்கு அந்தத் தலைமுறையின் பொழுதுபோக்கே பிரதான காரணங்களுள் ஒன்று. 1876 இல் தோன்றிய நுவரெலியா ஹில் கிளப்பின் சுவர்களிலே மிருகங்களின் தலைகளை மாட்டி அழகு பார்த்தது அதே மனோபாவம்தான். அந்த விளையாட்டின் இன்பம் சுட்டவருக்கு இருந்தது. சுமை தூக்குவதும் தடம் காட்டுவதும் உள்ளூர் ஏழைகளுக்கு இருந்தன.

பின்னர் 1900 இல் இலங்கைத் தோட்டக்காரர் ரைபிள் படை என்ற தொண்டர் படையொன்று கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்தது. தேயிலை, றப்பர்த் தோட்டங்களின் ஐரோப்பியத் துரைமார் அதில் அங்கத்தினராகிக் குறிசுடப் பழகினர். தென்னாபிரிக்க யுத்தத்துக்கும் முதலாம் மகாயுத்தத்துக்கும் ஆட்களை அனுப்பினர். அவர்கள் பழகிய காலமெல்லாம் அவர்களுடைய சம்பளத்தையும் ஓய்வையும் சாத்தியமாக்கியது நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் பறித்த கொழுந்து. ஆனால் அந்தப் படையின் கதவு நம்மவர் எவருக்கும் திறந்ததில்லை. 1949 இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஜனங்களின் பெரும்பகுதியை நாடற்றவர்களாக்கியிருந்தது. துரைமாரின் விளையாட்டு முடிந்த வேளையில் நமக்கு விளையாட்டைப் பற்றி நினைக்கவும் நாதியில்லை.

துப்பாக்கி நம்மிடம் வந்த விதம் வேறு. 1940 ஜனவரியில் மூலோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பறித்துப் பங்கிடுவதற்கு எதிராக நம் ஜனங்கள் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு மாண்டார். அவர்கள் இருவருடைய பெயரையும் நீங்கள் மேதினக் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பின் வந்த முப்பதாண்டு யுத்தத்தில், வடக்கிலே நடந்த ஒவ்வொரு சம்பவத்துக்கும் இங்கே லயங்களில் சோதனை நடந்ததையும், அடையாள அட்டை இல்லாத ஒரே காரணத்துக்காக இளைஞர்கள் இரவோடிரவாக ஏற்றிச்செல்லப்பட்டதையும் உங்கள் தாய்மார் மறக்கவில்லை. ஆகையால், துப்பாக்கி என்ற சொல்லை நீங்கள் வீட்டில் உச்சரித்தபோது உங்கள் அம்மா முகம் மாறினாள் என்றால், அவளைப் பழமைவாதி என்று நினைத்து நகைக்காதீர்கள். அவளுடைய அச்சத்துக்குப் போதிய ஆதாரம் உண்டு. நீங்கள் எடுக்கும் எந்தத் தீர்மானமும் அந்த அச்சத்துக்கு மரியாதை செய்வதாக இருக்கவேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆசையை விட்டுவிடுங்கள் என்று முடிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. கொல்வதிலிருந்து முற்றிலும் விலகி, சித்தத்தை ஒருமுகப்படுத்தும் அப்பியாசமாக வளர்ந்த குறிசுடும் விளையாட்டு உலகத்தில் இருக்கிறது. அதில் உங்களுக்கும் உரிமை இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதுவரை கொடுக்கப்படாத பலவற்றுள் அதுவும் ஒன்று. 10 மீட்டர் தூரத்தில், அதாவது முப்பத்து மூன்று அடிக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில், 45.5 மில்லிமீட்டர் அகலத்துக்கு வளையங்கள் வரைந்த தாள் ஒன்று தொங்குகிறது. அதன் நடுவிலே பத்துப் புள்ளி பெறும் பொட்டு அரை மில்லிமீட்டர்தான். நின்ற நிலையில், எதன்மீதும் சாயாமல், துப்பாக்கியை ஏந்தி, மூச்சைத் தாழ்த்தி, இதயத் துடிப்பு குழலை அசைப்பதையும் உணர்ந்து, அந்த அசைவு அடங்கும் கணத்தில் விசையை அழுத்தவேண்டும். போட்டியில் இப்படி அறுபது முறை. உடல் பலம் மிகுந்தவனுக்கு இதில் விசேஷ அனுகூலம் ஏதுமில்லை. பணம் மிகுந்தவனுக்கும் ஓரளவுக்கு மேல் இல்லை. நிதானம் உள்ளவனே வெல்கிறான். 1984 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறும் இந்தப் பந்தயத்தில், 2018 முதல் ஆண்களும் பெண்களும் ஒரே எண்ணிக்கையில் சுடுகிறார்கள். அதற்கு முன் பெண்களுக்கு நாற்பதே வைத்திருந்தார்கள். வீட்டிலும் மலையிலும் ஆணுக்கு ஒரு கணக்கும் பெண்ணுக்கு ஒரு கணக்கும் எழுதும் நம் தோட்டங்களில், இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தும் விளையாட்டு ஒன்று வருவது எத்தனை நன்மை என்பதை யுவதிகளாகிய நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்களுள் பெரும்பாலோர் 'பொயின்ட் டூ டூ' என்ற ரகத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். அந்த ரவை 1887 இல் அமெரிக்காவில் உருவாயிற்று. வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் அதன் அடிவிளிம்பிலே அடங்கியிருப்பதால் மலிவாகச் செய்யமுடிந்தது. சத்தமும் உதைப்பும் குறைவு. ஆகவே உலகமெங்கும் பயிற்சிக்கு உகந்ததென்று பெயர் பெற்றது. 50 மீட்டர் ஒலிம்பிக் பந்தயத்தில் இன்றும் அதையே சுடுகிறார்கள். அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டரை கிராமுக்குச் சற்றுக் கூடிய அந்த ஈயம் செக்கனுக்கு 330 மீட்டர் வேகத்தில் வெளிப்பட்டு, தடுப்பாரில்லாவிட்டால் ஒரு மைலுக்கு அப்பாலும் போய் விழக்கூடியது என்பதையும், பாறையிலோ ஈரமண்ணிலோ சாய்வாகப் பட்டால் திசைமாறித் தெறிக்கும் குணம் அதற்கு மிகுதி என்பதையும் நீங்கள் யோசிக்கவில்லை.

நாம் வாழும் பூமியைச் சற்றுப் பாருங்கள். நானுஓயாவில், ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில், சமதரை என்று சொல்லத்தக்க ஒரு மைதானத்தைத் தேடினால் பாடசாலை மைதானமும் பெரட்டுக்களமும்தான் மிஞ்சும். ஒரு மலைக்கு எதிர்மலை. அந்த எதிர்மலையின் ஒவ்வொரு வரிசைத் தேயிலைக்குள்ளும் கூடை சுமந்த பெண்கள். அதற்குக் கீழே லயம், பிள்ளைக் காம்பரா, கொழுந்து மடுவம், மரக்கறித் தோட்டம், புகையிரதப் பாதை. மூடுபனி இறங்கிவிட்டால் இருபது அடிக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. இடுப்பளவு தேயிலைச் செடி ஒரு ரவையை நிறுத்தாது. வலுவான மண்மேடு கட்டி, கொடியேற்றி, காவல் வைத்து, அதிகாரிகள் வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட சுடுகளம் ஒன்று இல்லாமல் இங்கே அந்த ரகத்தைச் சுடுவதென்பது, குறி தவறும் ஒவ்வொரு முறையும் அயலான் உயிரைப் பந்தயம் வைப்பதாகும். அத்தகைய சுடுகளத்தை அமைக்கும் சக்தி இன்று உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆகவே பொயின்ட் டூ டூவை உங்கள் மனத்திலிருந்து இப்போதைக்கு இறக்கிவிடுங்கள்.

எஞ்சுவது காற்றுத் துப்பாக்கி. நீங்கள் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தாழ்வாக நினைத்ததை உங்கள் முகத்திலே கண்டேன். அந்த எண்ணம் தவறு. மேலே சொன்ன 10 மீட்டர் ஒலிம்பிக் பந்தயம் காற்றுத் துப்பாக்கிப் பந்தயமே. 2008 இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவின் முதல் தங்கப்பதக்கத்தை வென்று கொடுத்தது இதனால்தான். பந்தயத்துக்குரிய ஈயக்குண்டு அரை கிராம் அளவு. வேகம் செக்கனுக்கு 170 மீட்டர் அளவு. அதன் விசை பொயின்ட் டூ டூவின் விசையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். தோட்டத்துச் சமூக மண்டபத்துக்குள், சாய்வான இரும்புத் தகடு பொருத்திய பெட்டி ஒன்று அதை முழுதாக நிறுத்திவிடும். எனினும் கண்ணைக் குருடாக்க அந்த விசை தாராளமாகப் போதும். மலிவான காற்றுத் துப்பாக்கியால் அயல்வீட்டுப் பிள்ளையின் பார்வையைப் பறித்தவன் எந்தத் தேசத்திலும் அரிதானவன் அல்லன். ஆகையால் கண்ணாடி அணியாதவர் எவரும் சுடும் கோட்டருகே நிற்கலாகாது.

காற்றுத் துப்பாக்கியிலும் குழல்விட்டம் இரண்டு வகையாகப் பெரும்பாலும் விற்கிறது: 4.5 மில்லிமீட்டர், 5.5 மில்லிமீட்டர். பெரியது வேட்டையாடுவோர் விரும்புவது. பந்தயங்கள் எல்லாம் சிறியதற்கே உரியன. கடைக்காரர் பெரியதையே புகழ்ந்து விற்கப் பார்ப்பார். நீங்கள் 4.5 ஐயே கேளுங்கள். அதற்குத் தட்டையான முகமுள்ள பந்தயக் குண்டுகளை வாங்குங்கள். அவை தாளில் வட்டமான சுத்தத் துவாரம் இடுவதால், புள்ளி கணக்கிடும்போது தகராறு வராது. ஒரே அளவுக் குண்டானாலும் ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு தயாரிப்பையே விரும்பும். ஆகவே இரண்டு மூன்று வகைகளில் சிறு டப்பா வாங்கிச் சுட்டுப்பார்த்து, துவாரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி விழுவது எதனாலோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இயங்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. சுருள்வில்லும் உந்துதண்டும் கொண்ட துப்பாக்கியில், குழலையோ பக்கத்து நெம்புகோலையோ மடித்து வில்லை இறுக்குகிறோம். விசையை அழுத்தினால் வில் விரிந்து, தண்டு முன்னோக்கிப் பாய்ந்து காற்றை நெரிக்கிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி பின்னே உதறி, உடனே முன்னேயும் உதறுகிறது. இதனால் அதைச் சுடுவது கடினம் என்பார்கள். கடினம்தான்; அந்தக் கடினமே ஆரம்ப ஆசான் என்று நான் கருதுகிறேன். இறுகப் பிடிப்பவனுக்கு அது ஒத்துழைப்பதில்லை. மெல்ல ஏந்தி, குண்டு தாளைத் தொடும்வரை அசையாமல் நிற்கப் பழகியவனுக்கே இணங்குகிறது. மற்றொரு வகை, 200 பார் அழுத்தத்தில் காற்றை முன்னரே அடைத்த உருளை கொண்டது. அதில் உதறல் இல்லை. உலகப் போட்டிகளில் இன்று அதுவே வழங்குகிறது. ஆனால் அந்த அழுத்தத்தில் காற்றை நிரப்புவதற்கு உகந்த வசதி வேண்டும். கைப்பம்பினால் நிரப்பினால் நம் பனிமலையின் ஈரக்காற்று உள்ளே புகுந்து உருளையை அரிக்கும். உருளைக்கு வயதெல்லையும் உண்டு, பத்து ஆண்டு கடந்ததைப் போட்டிகளில் ஏற்கமாட்டார்கள். நுவரெலியா மாவட்டத்தின் சீதோஷ்ணத்தையும் உங்கள் கைப்பணத்தையும் ஒருசேரக் கருதினால், முதலில் வில் துப்பாக்கியே பொருத்தம். போட்டிக்குத் தயாரான ஓரிருவருக்கு மற்றதைப் பின்னர் தேடலாம்.

அந்த வில் துப்பாக்கியிலும் வேகத்தைப் பெரிதாக எழுதி விளம்பரம் செய்வதை விலக்குங்கள். அதிக வேகம் என்றால் கடின வில், கடின வில்லென்றால் பெரிய உதறல்; பத்து மீட்டருக்கு அந்த வேகத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. விசை மெல்லென, ஒரே அளவில், இடையில் கரடுமுரடின்றி நழுவுகிறதா என்று பாருங்கள். கடையில் நின்று தோளில் வைத்துப் பாருங்கள். கட்டை நீளமாயிருந்தால் குட்டைக் கையுள்ளவர் முதுகை வளைத்து நிற்கவேண்டி வரும், அந்த வளைவு பின்னர் நோயாகும். பந்தய விதி ஐந்தரை கிலோ வரை அனுமதிக்கிறது. பதினைந்து பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஏந்துவதற்கு மூன்று கிலோ அளவே போதும். தொலைநோக்கி வேண்டவே வேண்டாம். பின்னால் சிறு துவாரமும் முன்னால் வளையமும் உள்ள எளிய குறிகருவி, 10 மீட்டர் தூரத்துக்குப் போதுமானது. போட்டிகளில் தொலைநோக்கியை அனுமதிப்பதும் இல்லை. இவை தவிர எனக்கு வேறொரு காரணமும் உண்டு: தொலைநோக்கி பூட்டியவன் தாளிலிருந்து கண்ணைத் தூக்கிக் கிளையிலிருக்கும் பறவையைப் பார்ப்பான், பார்த்தவன் ஒருநாள் சுடுவான்.

பராமரிப்பில் சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடமுடியாது. குழலை மடித்துக் குண்டு இடும்போது மறுகை குழலைப் பிடித்தபடியே இருக்கட்டும். தப்பித் தவறி விசை நழுவினால் குழல் துள்ளி விரலை நசுக்கும். குண்டில்லாமல் வெறுமனே சுட்டால் தண்டு முட்டி உடையும். வில்லை இறுக்கிய நிலையில் இரவெல்லாம் வைத்தால் அது தளரும். அதைவிட முக்கியமாக, இறுக்கிய துப்பாக்கி என்பது விபத்து காத்திருக்கும் துப்பாக்கி. காற்றறைக்குள் எண்ணெய் விடாதீர்கள். அழுத்தத்தில் அது தீப்பற்றி வெடிக்கும். வெளி இரும்பை மட்டும் ஒவ்வொரு நாளும் உலர்ந்த துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். நானுஓயாவின் ஈரத்தில் ஒரு வாரம் மறந்தால் துரு ஏறிவிடும். குண்டுகள் ஈயம் ஆகையால், கை கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடாதீர்கள்.

காட்டுப்பன்றி பற்றிக் கேட்டவர்களுக்குத் தனியே பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். மரக்கறிப் பாத்தியை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் பன்றியால் உங்கள் தகப்பனார் அடைந்த நட்டம் உண்மை. அதற்காக ஆத்திரப்படுவது நியாயம். ஆனால் காற்றுத் துப்பாக்கி ஒரு பன்றியைக் கொல்லாது. காயப்படுத்தி, நாட்கணக்காக வதைபட்டுச் சாகவிடும், அல்லது வெறிகொண்டு மனிதன்மேல் பாயச்செய்யும். பன்றிக்கென்று போடும் கம்பிக் கண்ணிகளில் சிறுத்தைகள் சிக்கி மடிவதை நம் தோட்டங்களில் அடிக்கடி கேள்விப்படுகிறோம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தபோது நாடே வருந்தியது. மிருகங்களும் பறவைகளும் 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. பயிர்ச்சேதத்துக்கு வேலியும் நட்டஈடும் கேட்டுப் போராடுவது வேறு. அதற்கு நானும் உங்களோடு வந்து நிற்பேன். அந்த வழக்கை விளையாட்டுக்குள் கொண்டுவந்தால் விளையாட்டும் கெடும், வழக்கும் தோற்கும். சின்னானையும் புறாவையும் சுட்டுப் படமெடுக்கும் ஆசையுள்ளவர் எவரேனும் இந்த மடலை வாசிப்பாராயின், அவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்; இனி எழுதுவது அவருக்காக அல்ல.

சட்டத்தைப் பற்றி நீங்கள் ஒருவரும் கேட்காதது எனக்குப் பெருங்கவலை தந்தது. இந்த நாட்டில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. துப்பாக்கிக்கான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். 1996 இன் திருத்தத்துக்குப் பின் தண்டனைகள் மிகக் கடுமையானவை. காற்றுத் துப்பாக்கிதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு தரகர் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு ரூபாயேனும் முன்பணம் கொடுப்பதற்கு முன், நீங்கள் வாங்க விரும்பும் ரகத்தின் விவரங்களை எழுதி, நுவரெலியா மாவட்டச் செயலகத்திலும் உங்கள் பொலிஸ் நிலையத்திலும் கொடுத்து, எந்த அனுமதி தேவை என்பதை எழுத்திலே பெற்றுக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கொழும்பில் ஒரு செல்வந்தர் வீட்டுப் பையனிடம் கண்டால் பொழுதுபோக்கு என்று விடப்படும் பொருள், லயக்காம்பராவில் ஒரு தமிழ் இளைஞனுடைய கட்டிலின் கீழே கண்டால் வேறு பெயர் பெறும். அது அநீதி. அந்த அநீதியை நாம் எதிர்க்கவேண்டும். ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவனைத் தனியே அதன் முன் நிறுத்தி எதிர்க்க நான் ஒப்பமாட்டேன்.

ஆகையால் தனியொருவராக ஒரு துப்பாக்கியும் வாங்காதீர்கள் என்பதே என் பிரதான யோசனை. இரண்டு லயக்காம்பராக்களைச் சேர்த்தாலும் 10 மீட்டர் வராத வீட்டில் அதை வைத்து என்ன பயன்? குடித்துவிட்டு வரும் ஒருவர், குறும்பு செய்யும் ஒரு தம்பி, சண்டைக்கு வரும் ஓர் அயலான் எல்லாரும் கைநீட்டும் தூரத்தில் அது இருப்பது எப்படி நன்மையாகும்? ஒரு கழகமாகத் திரளுங்கள். பத்துப் பேர் தனித்தனியே மலிவான பத்துத் துப்பாக்கி வாங்கும் பணத்தில், கழகம் தரமான இரண்டை வாங்கலாம். குண்டு தடுக்கும் பெட்டி, கண்ணாடிகள், பூட்டுள்ள இரும்பு அலுமாரி எல்லாவற்றுக்கும் மிச்சம் இருக்கும். அலுமாரியின் சாவி ஆசிரியர் ஒருவரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்தவர், சுட்டவர், திருப்பி வைத்தவர் பெயரைப் பேரேட்டில் எழுதுங்கள். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் நாட்டின் விளையாட்டுகளுக்கு அமைப்பு முறை உண்டு; மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர் உண்டு; தேசிய சம்மேளனம் உண்டு. பதிவுபெற்ற கழகமாகப் போய்க் கதவைத் தட்டினால் பயிற்றுநர் ஒருவரையாவது கேட்கலாம். தனியாளாகப் போனால் சந்தேகப் பார்வைதான் கிடைக்கும்.

இது நடக்கிற காரியமா என்று அவநம்பிக்கை கொள்ளாதீர்கள். 1994 இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், காற்றுத் துப்பாக்கிப் பெண்கள் இரட்டையர் போட்டியில் இலங்கைக்குத் தங்கம் பெற்றுத் தந்தவர்கள் மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும். இந்தச் சிறிய நாட்டுக்குச் சர்வதேச மேடைகளில் கிட்டிய தங்கங்கள் எத்தனை சொற்பம் என்பதை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். இருந்தும் நம் பாடசாலைகளில் அந்தப் பெயர்களைக் கேட்ட பிள்ளை ஒருவரையும் நான் காணவில்லை. கடல் கடந்து பார்த்தால், கடலூரிலே 1999 இல் பிறந்த இளவேனில் வாலறிவன் என்ற தமிழ்ப்பெண் 2019 இல் ரியோ டி ஜெனீரோ உலகக் கிண்ணப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வென்றாள். டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் அரங்கில் நின்றாள். அவள் ஏந்தியதும் 4.5 மில்லிமீட்டர் துப்பாக்கியே. நீங்கள் அற்பம் என்று தள்ளிய அதே அளவு.

எனவே உங்களிடம் வேண்டுவது இவ்வளவே. தனிப்பட்ட கொள்முதல் எண்ணத்தை இன்றே கைவிடுங்கள். ஏற்கனவே முன்பணம் கொடுத்தவர்கள் அதைத் திருப்பிக் கேளுங்கள். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்ற வீதத்தில் பெயர்களைச் சேர்த்து, பெற்றோரின் கையொப்பத்தோடு ஒரு பட்டியலாக்குங்கள்; அந்தக் கையொப்பத்தைப் பெறும்பொருட்டு உங்கள் தாயாரோடு உட்கார்ந்து இந்த மடலை வாசித்துக் காட்டுங்கள், அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். பட்டியல் ஆயத்தமானதும் பாடசாலை அதிபரிடமோ தோட்டத்துத் துரையிடமோ வாரத்தில் ஒருநாள் மாலை மண்டபத்தைத் தரும்படி எழுத்திலே விண்ணப்பியுங்கள்; முதல் மாதம் துப்பாக்கியே இல்லாமல், ஒரு கம்பை ஏந்தி நிற்கவும் மூச்சை ஆளவும் பாதுகாப்பு விதிகளை ஒப்பிக்கவும் பழகுங்கள். அந்த மாதத்தைத் தாண்டி யார் யார் எஞ்சுகிறீர்கள் என்று பார்த்து, எஞ்சியவர்களின் பெயரால் அனுமதிக்கு விண்ணப்பம் எழுதுவோம். எழுத்து வேலைக்கும், அலுவலகங்களுக்கு உங்களோடு ஏறி இறங்குவதற்கும் நான் தயாராக இருக்கிறேன். பட்டியலைக் கொண்டு வாருங்கள்.